ஊசிக் காய்ச்சலா, உண்ணிக் காய்ச்சலா? குதிரை வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் குதிரை வைத்திருப்பவர்கள் அதிகமில்லை. கல்யாண ஊர்வலத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் வாடகைக்கு விடுபவர்கள் சிலர். ஈப்போ பந்தயத் திடலில் சைஸ் வேலை, அதாவது குதிரை பராமரிக்கும் வேலை, பார்த்துவிட்டு, ஓட்டம் விட்ட குதிரை ஒன்றை ஆசைக்குக் கொண்டுவந்து கட்டியிருப்பவர்கள் சிலர். இவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை தடுப்பூசி பற்றியும் உண்ணி பற்றியும்தான். இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்ததற்குக் காரணம் உண்டு. படித்துக்கொண்டு போனால் தெரியும்.

நேற்று ஊசி போட்டார்கள். இன்று குதிரை தலையைக் குனிய மாட்டேன் என்கிறது. தீனியும் அப்படியே கிடக்கிறது. பயப்படலாமா?

பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. ஊசி கழுத்துத் தசையில் போகிறது. அந்த இடம் வீங்கி வலித்தால் கழுத்தை வளைக்க முடியாது. தரையில் கிடக்கும் புல்லும் கீழே வைத்த தண்ணீரும் எட்டாது. பசி இல்லை என்று நாம் நினைப்போம், குதிரையோ பசியோடு நிற்கும். தீனி வாளியையும் தண்ணீரையும் நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி வைத்துப் பாருங்கள். உடனே வாய் வைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வீக்கம், கொஞ்சம் சோர்வு, லேசான காய்ச்சல், இவை ஒன்றிரண்டு நாளில் தணிய வேண்டும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை வீக்கத்தின்மேல் வைக்கலாம். கொட்டிலிலேயே நிறுத்திவைக்காமல் கையில் பிடித்து மெதுவாக நடத்தினால் விறைப்பு சீக்கிரம் விடும். இரண்டு மூன்று நாளைக்கு ஓட்டமோ வண்டியோ வேண்டாம். ஊர்வலத்துக்கு முன்பணம் வாங்கியிருந்தால் ஊசியை அதற்கு ஒரு வாரமாவது முன்பே முடித்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை கல்யாணத்தை வைத்துக்கொண்டு வியாழக்கிழமை ஊசி போடச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எத்தனை நாள் வரை ‘இது ஊசிக் காய்ச்சல்தான்’ என்று விடலாம்?

இரண்டு நாள். மூன்றாம் நாளும் காய்ச்சல் நின்றால் ஊசியைக் குற்றம் சொல்வதை நிறுத்திவிட்டு வேறு காரணம் தேட வேண்டும். முதல் நாளாக இருந்தாலும் 39.5 டிகிரியைத் தாண்டினால் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இதை இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம், நம் பக்கத்தில் குதிரைக்குக் காய்ச்சல் கொடுக்க உண்ணி காத்துக்கொண்டே இருக்கிறது. உண்ணி கடிக்கும்போது, ரத்தத்தில் வாழும் நுண்ணிய ஒட்டுண்ணி உடம்பில் ஏறிப் பத்து நாள் முதல் மூன்று நான்கு வாரம் கழித்துத்தான் காய்ச்சல் தெரியும். அந்த இடைவெளியில் ஊசி போட்டுவிட்டால் பழி ஊசிமேல் விழும். செம்பனை ஓரத்தில் கட்டியிருந்த ஒரு செந்நிறக் குதிரைக்கு ஊசி போட்ட நான்காம் நாள் காய்ச்சல் 40-ஐத் தாண்டியது. ஊசி போட்ட இடத்தில் வீக்கமே இல்லை. வாலைத் தூக்கிப் பார்த்தால் அடிவாலில் மயிரில்லாத தோலில் வரிசையாக உண்ணி. அதுவரை அந்த வீட்டில் எல்லாரும் மருந்துக் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

காய்ச்சல் பார்ப்பது எப்படி? தொட்டுப் பார்த்தால் போதாதா?

போதாது. நம் வெயிலில் எந்தக் குதிரையைத் தொட்டாலும் சூடாகத்தான் இருக்கும். ஃபார்மசியில் விற்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரை வாங்கி, அதன் பிடிமுனையில் நூல் கட்டி, நூலின் மறுமுனையில் துணி கவ்வும் கிளிப் ஒன்றைக் கட்டுங்கள். கிளிப்பை வால் மயிரில் மாட்டிவிட்டால் தெர்மாமீட்டர் உள்ளேயும் போய்விடாது, கீழே விழுந்து உடையவும் செய்யாது. நேர் பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் ஒட்டி நின்று, வாலை ஒதுக்கி, கொஞ்சம் வாசலின் தடவி ஆசனவாயில் செலுத்த வேண்டும்.

ஓய்வாக நிற்கும் பெரிய குதிரைக்கு 37.5 முதல் 38.5 வரை சரி. காலை வெயில் ஏறுமுன் பாருங்கள். வேலை முடித்து வந்தவுடன் பார்க்கும் கணக்கு எதற்கும் உதவாது. ஊசிக்கு முந்தின இரண்டு நாளும் பார்த்து எழுதிவைத்தால் உங்கள் குதிரையின் வழக்கமான சூடு தெரிந்துவிடும். அப்போது ஏற்கெனவே காய்ச்சல் இருந்தால் ஊசியையே தள்ளிப் போடலாம்.

இன்னொன்று. ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வந்த பந்தயக் குதிரைகளில் சில நம் வெப்பத்தில் வியர்ப்பதையே நிறுத்திவிடும். மத்தியானம் மூச்சு வாங்கும், உடம்பு கொதிக்கும், தோலைத் தடவினால் காய்ந்து கிடக்கும். அதற்கு நிழலும் தண்ணீரும் காற்றாடியும்தான் முதல் வைத்தியம். ஊசியோடும் உண்ணியோடும் அதற்குச் சம்பந்தமில்லை.

உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டிய அறிகுறி எது?

ஊசி போட்ட சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் உடம்பெங்கும் தடிப்புத் தடிப்பாக எழும்புவது, முகம் வீங்குவது, மூச்சு இழுப்பது, திடீரென வியர்த்துக் கொட்டுவது, வயிற்றுவலி வந்ததுபோல் நிலத்தைக் காலால் சுரண்டுவது, தள்ளாடி விழுவது. அரிதாகத்தான் வரும், வந்தால் நேரமில்லை. அட்ரினலின் ஊசி போட மருத்துவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அதனால்தான் ஊசி போட்டதும் அவரை அரை மணி நேரமாவது உட்காரவைத்துக் காப்பி கொடுத்து அனுப்பச் சொல்கிறேன். தள்ளாடும் குதிரையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். அரை டன் எடை சாயும்போது எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல முடியாது.

ஒரு வாரம் கழித்து ஊசி போட்ட இடத்தில் கட்டி வந்திருக்கிறது. உடைத்து விடலாமா?

வேண்டாம். கெட்டியாக வலியில்லாமல் இருந்தால் தானே கரையலாம். சூடாகி மெத்தென்று ஆனால் சீழ் பிடிக்கிறது. எங்கே, எப்போது திறப்பது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். புட்டத்தில் ஊசி போடுவதைத் தவிர்ப்பதும் இதற்காகத்தான்: அங்கே சீழ் கட்டினால் வடிய வழியில்லாமல் உள்ளேயே பரவும். கழுத்திலும் நெஞ்சிலும் கீழ்நோக்கி வடிந்துவிடும். வீக்கம் வேகமாகப் பரவி, அழுத்தும்போது தோலுக்கடியில் காற்று நொறுங்குவது போல விரலுக்குத் தெரிந்தால் அது கட்டி இல்லை. தசை அழுகும் கிருமி. இரவு மணி இரண்டானாலும் அழையுங்கள்.

அமெரிக்க இணையப் பக்கங்களில் பத்துத் தடுப்பூசி எழுதியிருக்கிறார்கள். நமக்கு எது வேண்டும்?

அந்தப் பட்டியல் அந்த ஊர் நோய்களுக்கானது. அங்கே பெரிதாகப் பேசப்படும் லைம் நோயும் அந்தப் பக்கத்து உண்ணி கொண்டுவருவது. இங்கே எவரும் விட்டுவிடக் கூடாதது டெட்டனஸ். துருப்பிடித்த முள்கம்பி, விழுந்த செம்பனை மட்டையின் முள், லாட ஆணி எல்லாம் குதிரையின் காலுக்குக் கீழேயே கிடக்கின்றன. டெட்டனஸுக்குக் குதிரையளவு எளிதில் பலியாகும் வீட்டு விலங்கு வேறில்லை. அடுத்து குதிரை இன்ஃப்ளூயன்சா. பல குதிரைகள் கூடும் இடத்துக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு அது கட்டாயம் என்றே சொல்லலாம். கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கும் ஊசி உண்டு. உங்கள் வட்டாரத்துக்குத் தேவையா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

டெட்டனஸ் முதல் தடவை என்றால் நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒன்று. சினைக் குதிரைக்கு ஈனுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்னால் போட்டால் குட்டிக்குச் சீம்பாலில் காப்பு போகும்.

போன வருஷம் ஊசி போட்டு மூன்று நாள் படுத்துவிட்டது. இந்த வருஷம் விட்டுவிடலாமா?

விட வேண்டாம். வழி மாற்றுங்கள். போன தடவை எந்த மருந்து, எந்த பேட்ச் எண், கழுத்தின் எந்தப் பக்கம், எத்தனை மணி நேரத்தில் என்ன ஆயிற்று என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். இன்ஃப்ளூயன்சாவும் டெட்டனஸும் சேர்ந்த ஊசியாக இருந்திருந்தால் இரண்டையும் பிரித்து, நடுவில் இரண்டு முதல் நான்கு வாரம் விடலாம். வேறு கம்பெனி மருந்துக்கு மாறலாம். பல நேரம் உடம்புக்கு ஆகாதது நோய்க் கிருமியின் பகுதி இல்லை, வீரியத்துக்காகச் சேர்க்கும் துணைப்பொருள்தான். முன்கூட்டியே வலிநிவாரணி கொடுக்கலாமா என்பதையும் அவரே சொல்ல வேண்டும். சைஸ்மார் ‘பியூட்’ என்று சொல்லும் ஃபினைல்பியூட்டசோனை அளவு தெரியாமல் கொடுத்தால் வயிற்றில் புண் வரும். மேலும் ஊசிக்குப் பிறகு அதைக் கொடுத்துக்கொண்டே போனால் காய்ச்சல் மறைந்துவிடும். மூன்றாம் நாள் கணக்கே பார்க்க முடியாது.

மருந்தை எப்படி வைத்திருந்தார்கள் என்றும் கேளுங்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியது. காரின் பின்பெட்டியில் வெயிலில் வந்தாலும் கெடும், ஐஸோடு ஒட்டி உறைந்தாலும் கெடும். ஒரே கழுத்துப் பக்கத்தில் இரண்டு ஊசி போடாமல் பக்கத்துக்கு ஒன்றாகப் போடச் சொல்லுங்கள்.

காயம் பட்டதும் போடும் டெட்டனஸ் ஊசியும் வருஷா வருஷம் போடுவதும் ஒன்றா?

வேறு வேறு. ஆண்டு ஊசி டாக்சாய்டு. உடம்பே காப்பைத் தயாரிக்கக் கற்றுக்கொடுப்பது. காயத்துக்குப் போடுவது ஆண்டிடாக்சின்; வேறு குதிரைகளின் ரத்தத்திலிருந்து எடுத்த தயார்க் காப்பு. அது சில வாரங்கள்தான் நிற்கும். அபூர்வமாக, அது போட்ட நான்கு முதல் பத்து வாரம் கழித்துக் கல்லீரல் கெட்டு மஞ்சள் காமாலை வரும். உண்ணிக் காய்ச்சலிலும் கண் மஞ்சளாகும். அதனால், ‘இரண்டு மாதத்துக்கு முன்னால் கால் கிழிந்து ஒரு ஊசி போட்டோம்’ என்ற செய்தியை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஆண்டு ஊசி ஒழுங்காகப் போட்டு வந்த குதிரைக்கு இந்த ஆண்டிடாக்சின் பொதுவாகத் தேவைப்படாது.

எங்கள் கொட்டில் சுத்தமாக இருக்கிறது. உண்ணி எங்கிருந்து வருகிறது?

மேய்ச்சலிலிருந்து. செம்பனைக்கு அடியில் களை குறைய மாடு மேய விடுகிறார்கள். மாட்டு உண்ணி வயிறு நிறைந்து கீழே விழுந்து இரண்டாயிரத்துக்கும் மேல் முட்டையிடும். பொரித்த குஞ்சுகள் புல் நுனியில் ஏறி, எது உரசிப் போகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். குளிர்காலம் இல்லாத நமக்கு உண்ணியில்லாத மாதம் என்று ஒன்று கிடையாது.

மாட்டைத் திட்டுவதற்கு முன் ஒரு விஷயம். மாட்டுக்கு வரும் பபேசியா என்ற ரத்த ஒட்டுண்ணி வேறு, குதிரையுடையது வேறு. மாடு கொண்டுவருவது உண்ணியை. குதிரைக்கு நோய் கொடுக்கும் தைலேரியா ஈக்வி, பபேசியா கபாலி என்ற இரண்டும் நோயைச் சுமக்கும் இன்னொரு குதிரையிலிருந்துதான் வர வேண்டும். அந்தக் குதிரை பக்கத்து லயத்தில் நிற்கலாம், உங்கள் கொட்டிலிலேயே கொழுகொழுவென்றும் நிற்கலாம்.

எங்கே பார்ப்பது, எப்படி எடுப்பது?

காதின் உட்புறம், பிடரியின் அடி, தாடைக்குக் கீழ், முன்னங்கால் இடுக்கு, தொடையிடுக்கு, மடி அல்லது ஆண்குறி உறை, அடிவால். கண்ணை நம்பாமல் விரலை மயிருக்குள் விட்டு எதிர்த்திசையில் தடவுங்கள். சின்ன உண்ணி மணல்போலத் தட்டுப்படும்; ரத்தம் குடித்துப் பருத்தது ஆமணக்கு விதை மாதிரி இருக்கும்.

கையுறை போட்டு, கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவது, சிகரெட்டால் சுடுவது எல்லாம் பழைய பழக்கம். உண்ணி சாகுமுன் உள்ளிருப்பதைக் காயத்துக்குள் கக்கிவிடும். எடுத்ததை நசுக்காமல் ஸ்பிரிட் உள்ள சின்னப் போத்தலில் போடுங்கள். காய்ச்சல் வந்தால் மருத்துவருக்குக் காட்டலாம். கொட்டிலில் கோழி விட்டால் கொஞ்சம் பொறுக்கும், அதை நம்பிச் சோதிப்பதை விட முடியாது. வேப்பெண்ணெயும் அப்படித்தான். கொட்டிலைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிவைப்பது இரண்டையும்விட நல்லது.

மாட்டுக்குத் தெளிக்கும் உண்ணி மருந்து மிச்சம் இருக்கிறது. குதிரைக்கும் அடிக்கலாமா?

முதலில் போத்தலில் என்ன பெயர் என்று பாருங்கள். மாட்டுக்கும் நாய்க்கும் பயன்படும் உண்ணி மருந்துகள் பலவற்றில் அமிட்ராஸ் இருக்கும். அது குதிரையின் குடலை அசைய விடாமல் நிறுத்திவிடும். சாணம் அடைத்து, வயிற்றுவலி வந்து, குதிரை செத்தே போகலாம். அமிட்ராஸ் என்று எழுதியிருந்தால் குதிரைக் கொட்டிலுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். மாட்டுக்குத் தெளித்த பம்ப்பைக் கழுவாமல் குதிரைக்கு எடுப்பதும் ஆபத்து.

குதிரைக்கென்று லேபிள் உள்ள பெர்மெத்ரின் தெளிப்பு கிடைக்கும். லேபிளில் உள்ளபடி கலந்து, முகத்துக்குத் துணியால் தடவுங்கள். கொட்டிலில் பூனை இருந்தால் காயும்வரை தள்ளி வையுங்கள், பூனைக்குப் பெர்மெத்ரின் விஷம். வயிற்றுப் பூச்சிக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் பசை உண்ணியையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்ப வேண்டாம். தடுப்பூசி போடும் அன்றே புதிதாக எந்த உண்ணி மருந்தும் அடிக்காதீர்கள். மறுநாள் தடிப்பு எழுந்தால் எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

உண்ணிக் காய்ச்சல் வந்தால் எப்படி இருக்கும்?

காய்ச்சல் 40-ஐத் தாண்டும். தீனியை நெஞ்சு உயரத்தில் வைத்தாலும் தொடாது. உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள்: நல்ல குதிரைக்கு ஈரமான இளஞ்சிவப்பு. விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். நோயில் ஈறு வெளுத்தோ மஞ்சளாகவோ இருக்கும். கால் வீங்கலாம். சிலதுக்குச் சிறுநீர் காப்பி நிறத்தில் போகும்.

சிறுநீரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நல்ல குதிரையின் சிறுநீர்கூட மரத்தூளில் விழுந்து காற்றுப் பட்டுச் சிறிது நேரத்தில் சிவந்து பழுப்பாகும். தரையைப் பார்த்து அலறாமல், போகும்போதே ஒரு வெள்ளை டப்பாவில் பிடித்துப் பாருங்கள். வேலைக்குப் பிறகு பின்தசை கல்லாக இறுகி, நடக்க முடியாமல் கறுத்த சிறுநீர் போனால் அது தசைச் சிதைவு, அதுவும் அவசரம்தான்.

சில குதிரைகளுக்கு இவை எதுவும் இருக்காது. மெல்ல இளைக்கும், ஏறியதும் களைக்கும், அவ்வளவுதான். ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிப் பார்க்கும் சோதனை காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது உதவும். நாள்பட்டதில் ஒட்டுண்ணி ரத்தத்தில் மிகக் குறைவாக இருப்பதால் ‘இல்லை’ என்று வந்தாலும் நம்ப முடியாது. எலைசா அல்லது பிசிஆர் என்ற ஆய்வகச் சோதனையைக் கேளுங்கள். ஈப்போவில் கால்நடை ஆராய்ச்சிக் கழகமும் செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனையும் இருக்கின்றன. மாதிரியை எங்கே அனுப்புவது என்பதை உங்கள் மருத்துவர் சொல்வார்.

இதற்குத் தடுப்பூசி உண்டா?

இல்லை.

மருந்து கொடுத்தால் முழுதாகப் போய்விடுமா?

காய்ச்சல் போகும். பபேசியா கபாலி சில ஆண்டுகளில் உடம்பைவிட்டுப் போகலாம். தைலேரியா ஈக்வி பெரும்பாலும் ஆயுள் முழுக்க உள்ளே தங்கும். குதிரை நன்றாக இருக்கும், ஆனால் அதன் ரத்தம் இன்னொன்றுக்கு நோய் கொடுக்கும். சினைக் குதிரையிலிருந்து குட்டிக்கும் போகலாம். இமிடோகார்ப் என்ற மருந்துதான் வழக்கம். அதைப் போட்டதும் வயிற்றுவலி, எச்சில் ஒழுகல், வயிற்றுப்போக்கு வரக்கூடும். கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் பாரம். கழுதைக்கு இன்னும் ஆகாது. மாட்டுக்கு வாங்கிய மிச்சத்தைக் கணக்குப் போட்டு ஏற்றுகிற வேலை வேண்டாம்.

ஊசியும் உண்ணியும் சந்திக்கிற இடம் இங்கேதான் இருக்கிறது. நோயைச் சுமக்கும் குதிரைக்குக் குத்திய அதே ஊசியை அடுத்த குதிரைக்குக் குத்தினால் உண்ணி செய்யும் வேலையை நாமே செய்கிறோம். 2009-இல் அமெரிக்காவின் டெக்சஸில் ஒரே பண்ணையில் 400-க்கும் மேற்பட்ட குதிரைகளிடம் தைலேரியா கண்டார்கள். அங்கே காரணம் உண்ணி. அதற்குப் பிறகு அந்நாட்டில் தேடிப் பார்த்தபோது உண்ணியே இல்லாத பந்தயக் குதிரைகளிடமும் இருந்தது. ஊசிகளைப் பகிர்ந்ததுதான் வழி. செலவு மிச்சம் என்று நாலு வீட்டார் சேர்ந்து ஒரே நாளில் ஊசி போடும்போது, குதிரைக்கு ஒரு புது ஊசி, ஒரு புது சிரிஞ்சு என்று வாசலிலேயே பேசிவிடுங்கள். ஊசி சில்லறைக் காசு. லாட வேலைக்காரரின் கத்தியில் ரத்தம் பட்டால் அதையும் கழுவச் சொல்லுங்கள்.

காய்ச்சல், ஆனால் உண்ணி ஒன்றுகூட இல்லை. அப்போது?

உண்ணி கடித்துவிட்டு விழுந்திருக்கலாம், அதனால் சோதனையை விடாதீர்கள். குதிரை ஈ பரப்பும் சுர்ரா என்ற நோயும் நம் நாட்டில் உண்டு: விட்டு விட்டுக் காய்ச்சல், இளைப்பு, வயிற்றடியில் வீக்கம். ரத்தம் எடுக்கும்போது அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். 2020-இல் தாய்லாந்தில் ஆப்பிரிக்கக் குதிரை நோய் வந்து பல நூறு குதிரைகள் செத்தன. அதே ஆண்டு நம் திரங்கானு மாநிலத்திலும் கண்டுபிடிக்கப்பட்டது. அதைப் பரப்புவது பொடி ஈ. கண்ணுக்கு மேல் குழி வீங்குவது, மூக்கில் நுரை வருவது, வேகமாக மூச்சிரைப்பது தெரிந்தால் குதிரையை எங்கும் நகர்த்தாமல் கால்நடைச் சேவை இலாகாவுக்குச் சொல்ல வேண்டும்.

ஓட்டம் விட்ட குதிரை மலிவாகக் கிடைக்கிறது. வாங்கும்போது என்ன கேட்பது?

சிங்கப்பூர் கிராஞ்சி பந்தயத் திடலில் 2024 அக்டோபர் 5-இல் கடைசிப் பந்தயம் நடந்து முடிந்தது. பினாங்கிலும் 2025-இல் பந்தயம் நின்றது. கைமாறும் குதிரை அதிகம், காகிதம் இல்லாமல் கைமாறுவதும் அதிகம். குதிரையின் பாஸ்போர்ட் புத்தகத்தைக் கேளுங்கள், அதில் எந்தத் தேதியில் எந்த ஊசி என்று மருத்துவர் முத்திரையோடு இருக்கும். புத்தகம் இல்லையென்றால் ஊசியே போடாத குதிரை என்று வைத்து டெட்டனஸை முதலிலிருந்து தொடங்குங்கள். பணம் கொடுக்குமுன் தைலேரியா, பபேசியா சோதனை. இருக்கிறது என்று வந்தாலும் வாங்கக் கூடாது என்றில்லை. அதற்குத் தனி ஊசி, கறாரான உண்ணிக் கட்டுப்பாடு, குட்டி போட வைக்கும் எண்ணம் வேண்டாம். விலையையும் குறைக்கலாம்.

எங்கள் தோட்டத்திலிருந்து மருத்துவர் வர ஒன்றரை மணி நேரமாகும். கையில் என்ன இருக்க வேண்டும்?

தெர்மாமீட்டர் இரண்டு, ஏனென்றால் ஒன்றில் எப்போதும் பேட்டரி போயிருக்கும். இடுக்கி, கையுறை, ஸ்பிரிட் போத்தல், டார்ச் லைட். ஊசித் தேதி, மருந்தின் பெயர், பேட்ச் எண், தினக் காய்ச்சல், உண்ணி எடுத்த நாள் எல்லாம் எழுதிய ஒரு நோட்டு. மருந்துப் போத்தலின் லேபிளைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். ஊசியைக் காலையில் போடச் சொல்லுங்கள். கோளாறு என்றால் பகல் வெளிச்சம் மிச்சமிருக்கும், மருத்துவரும் பக்கத்து ஊரில்தான் இருப்பார்.